தில்லை மாஸ்ரர் சொன்ன நேரம்

தில்லையம்பலம் மாஸ்ரர் தன் வாழ்நாளில் ஒருமுறையேனும் சரியான நேரத்தைச் சொன்னதாக எங்கள் மில்லிக்கன் பகுதியில் யாருக்கும் நினைவில்லை.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அவர்தான் நிர்வாகி, அவர்தான் கரப்பந்தாட்டப் பயிற்றுநர். கதவு திறப்பதிலிருந்து பந்துக்குக் காற்றடிப்பது வரை எல்லாம் அவர் தலையில். நம் சனமோ ஒன்பது மணி நிகழ்ச்சிக்கு ஒன்பது மணிக்குத்தான் குளிக்கப் போகும். அதனால் மாஸ்ரர் எட்டு என்று அறிவிக்கத் தொடங்கினார். சனம் விடுமா? அதைக் கண்டுபிடித்து, தானும் ஒரு மணித்தியாலம் கூட்டிக்கொண்டது. அவர் ஏழு என்றார். அதையும் கண்டுபிடித்தார்கள். கடைசியில் ஒரு போட்டிக்கு அவர் விடிய ஆறு மணி என்று அறிவிக்க, மொன்றியலிலிருந்து புதிதாக வந்திருந்த ஜெயரட்ணம் அங்கிள் மட்டும் அதை நம்பிப் பூட்டிய கதவுக்கு முன்னால் பனியில் விறைத்தார். அதற்குப் பிறகு மாஸ்ரர் சுகம் கேட்டால்கூட அங்கிள் சந்தேகத்தோடுதான் பதில் சொல்வார்.

பிந்தி வருபவர்களுக்குத் தண்டனை ஒன்றுதான். விசில் அலறும். "ரெண்டு ரவுண்ட்!" என்பார். பார்க்கிங் லொட்டைச் சுற்றி ஓட வேண்டும். பிந்தியது பெற்றோர் என்றால் பெற்றோர் ஓட வேண்டும். சேலையோடு ஓடிய ஒரு பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் என் அம்மா.

அவரிடம் விளையாடப் பழகி நாங்கள் வென்றது குறைவு. ஆனால் தோற்ற பிறகு எல்லோரையும் தன் வான் வண்டியில் ஏற்றி, சாப்பிட ரோல்ஸ் வாங்கித் தந்து, வீடு வரும்வரை நடுவரைத் திட்டுவார். அதற்காகவே தோற்கலாம் போலிருக்கும். எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.

போன பெப்ரவரியில் மாஸ்ரர் நித்திரையிலேயே போய்விட்டார். நான் மரண அறிவித்தல் எழுதும்போது அவர் மனைவி யோகராணி அன்ரி உறுதியாக இருந்தார்.

"வாழ்நாள் முழுக்கப் பொய் நேரம் சொன்ன மனிசன். கடைசிப் பயணத்துக்கெண்டாலும் உண்மையான நேரத்தைப் போடுவம், நிலாணி."

காலை ஒன்பது என்று போட்டோம். பதினொன்றுக்குப் பேழையை மூடித் தகனத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அடுத்த குடும்பம் தங்கள் சடங்குக்கு வந்துவிடும் என்று, ஈமச்சடங்கு மண்டபத்தை நடத்தும் மலர்ச்சாலைக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பத்தரையாகியும் மண்டபத்தில் ஐயரும் அன்ரியும் நானும்தான். மற்றதெல்லாம் வெறும் கதிரைகள். மாஸ்ரருக்கும் அன்ரிக்கும் பிள்ளைகள் இல்லை. மாஸ்ரரைத் தூக்க வேண்டியவர்கள் அவரிடம் விளையாடியவர்கள்தான்.

"எத்தினை பிள்ளையளை வளர்த்தவர். தூக்குறதுக்கு நாலு பேர்கூட வரேல்லையே," என்றார் அன்ரி. நான் உடனே ஜெயரட்ணம் அங்கிளுக்கு ஃபோன் அடித்தேன்.

"எங்கை நிக்கிறியள், அங்கிள்?"

"வெளியிலை, பார்க்கிங் லொட்டிலைதான். கார் விட இடம் கிடைக்காதெண்டு எல்லாரும் வெள்ளன வந்து, காருக்குள்ளை ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருக்கிறம். ஒன்பதெண்டால் எப்பிடியும் பன்னிரண்டுக்குத்தானே துவங்கும்?"

"ஐயோ, இது உண்மையான நேரம்!"

"இதைத்தானே மாஸ்ரரும் எப்பவும் சொல்லுறவர்," என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

நான் சொன்னதைக் கேட்டதும் அன்ரி எழுந்து பேழையருகே போனார். மாஸ்ரரின் கோட்டுக்கு மேல் வழக்கம்போல விசில் கிடந்தது. அதைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"போய் ஊது."

"அன்ரி, இதை எப்பிடி நான்..."

"துடைச்சுப்போட்டு ஊது. அவர் ஒண்டும் சொல்லமாட்டார்."

வாசலில் நின்று, கன்னம் நோக ஊதினேன்.

கார்க் கதவுகள் படபடவென்று திறந்தன. டோர்செட் பார்க், ஸ்ரௌவ்வில் பகுதிகளிலிருந்து வந்திருந்த, ஒருகாலத்தில் அவரிடம் விளையாடிய பஸ் சாரதிகளும் பல்வைத்தியர்களும் கோட்டும் சேலையுமாகப் பனியில் வழுக்கி வழுக்கி ஓடிவந்தார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜெயரட்ணம் அங்கிள்தான் எல்லோருக்கும் முன்னால்.

உள்ளே வந்து பேழையைக் கண்டதும் அங்கிள் அப்படியே நின்றுவிட்டார்.

"மாஸ்ரர், கடைசியிலை உண்மையைச் சொல்லி ஏமாத்திப்போட்டியளே," என்று விம்மினார்.

அன்ரி விசிலை வாங்கி மாஸ்ரரின் கழுத்தில் திரும்பப் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சனத்தின் பக்கம் திரும்பினார்.

"பிந்தி வந்த எல்லாரும் ரெண்டு ரவுண்ட்!"

பேழையை மூடித் தோளில் ஏற்றி வெளியே கொண்டுவந்தவர்கள், தகனத்துக்குக் கொண்டுபோக நின்ற வண்டியைத் தாண்டிப் பார்க்கிங் லொட்டைச் சுற்றத் தொடங்கினார்கள். பின்னால் முழுச் சனமும். மலர்ச்சாலைக்காரர் மணிக்கூட்டைப் பார்த்துத் தவித்தார். வாசலில் நின்ற அன்ரி அழுதுகொண்டே சிரித்தார்.

அன்றைக்கு மாஸ்ரர் தகனத்துக்குப் பிந்தித்தான் போனார்.