பதினோரு மேதைகளின் உடம்பு

தெருவில் அவருக்கு அகராதி என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக ஓர் அகராதி எழுதிக்கொண்டிருந்தது ஒரு காரணம். யார் சொன்னாலும் கேட்காத குணம் இன்னொன்று. எந்த அர்த்தத்தில் கூப்பிட்டாலும் பாவம், திரும்பிப் பார்ப்பார்.

அவருடைய அக்கா புருஷன் செப்புத் தகட்டில் அறிஞர்களின் உருவத்தைச் செதுக்கி அச்சடித்துக் கொடுப்பவர். பேராசிரியர்கள் வந்து அரைமணி முகத்தைக் காட்டிவிட்டுப் போவார்கள். அங்கிக்கும் கைக்கும் விரலுக்கும் மணிக்கணக்கில் உட்காருவது அகராதிதான். பக்கத்தில் விரித்த புத்தகம் வைத்தால் கல்வி, மணல் கடிகாரம் வைத்தால் குறுகிய ஆயுள், மெழுகுவர்த்தி வைத்தால் ஊருக்காக உருகிய உழைப்பு. இப்படிப் பதினோரு மேதைகளுக்கு உடம்பு கொடுத்தாயிற்று. ஒரு படத்திலாவது தன் முகம் வந்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவருடைய ஆசை.

"என்னையும் ஒரு தடவை போடுங்க அத்தான்" என்று கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்துபோனது.

இந்த முறை அத்தானே கூப்பிட்டார். "உன் முகம்தான்டா வேணும். கீழே உட்காரு."

அகராதிக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாள் இடுப்பு கழன்றுபோக உட்கார்ந்தார்.

அச்சு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. படத்தில் நாற்காலியில் இருந்தவர், அகராதியின் கையெழுத்துப் பிரதியைக் கட்டுப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிய அதே பேராசிரியர். அவருடைய பூட்ஸ் காலுக்கடியில், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி அகராதி. அறியாமையை அறிவு மிதிக்கிறதாம்; படத்தின் அடியில் அப்படியே பொறித்தும் இருந்தது.

"ஏன் அத்தான், ஊர்ல வேற முட்டாளே கிடைக்கலையா?"

அத்தான் தகட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "கிடைப்பான். ஆனா முட்டாள் மூஞ்சில ஒரு திருப்தி இருக்கும். எனக்கு ஏக்கம் வேணும்டா. வராததுக்கு ஏங்குற மூஞ்சி உனக்குத்தான் இருக்கு."

அகராதி படத்தைக் கிழித்துப்போடக் கை நீட்டினார். அதற்குள் அக்கா வந்து படத்தைப் பிடுங்கிக்கொண்டாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. எப்படிப் பிடித்தாலும் அவளுக்குப் புத்தகம் புத்தகம்தான்.

"ஐயோ, என் தம்பி! கையில புத்தகம் வேற! அந்தப் பெரியவருக்கு நீதான் சிஷ்யனாடா?"

அத்தான் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆமாக்கா" என்றார் அகராதி.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடியில என்ன எழுதியிருக்குன்னு எதிர்வீட்டு வாத்தியாரைப் படிக்கச் சொல்றேன், இரு."

அவள் படத்தோடு தெருவில் இறங்கி, வாத்தியாரை மட்டுமல்ல, கண்ணில் பட்ட எல்லோரையும் கூப்பிட்டாள்.