பரமு நட்ட பொப்பி

மார்கழி, கடைசிச் சனி. காலை. மூன்று கிழமை பிரிட்ஜில் இருந்த விதை வெளியே எடுக்கப்பட்டது. மணலுடன் கலந்து, கிணற்றடிக்கு மேற்கேயுள்ள சிறு பாத்தியில் தூவப்பட்டது. மண்ணால் மூடப்படவில்லை. பைக்கற் காலி.

தை, இரண்டாம் ஞாயிறு. முளை தென்பட்டது. எண்ணிக்கை இருபத்து மூன்று.

தை, கடைசி வெள்ளி. கண் பரிசோதனைக்காகக் கொழும்புப் பயணம்.

அடுத்த திங்கள். திரும்பி வந்தபோது பாத்தியில் எஞ்சியிருந்தவை மூன்று.

மேலே உள்ளது என் குறிப்புப் புத்தகத்தின் பக்கம். நான் தாவரவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். குறிப்புப் புத்தகத்தில் உணர்ச்சி எழுதுவதில்லை. அதற்குத்தானே இந்தப் பத்தி என்று நீங்கள் நினைத்தால்... மன்னிக்கவும், இங்கும் அதிகம் கிடைக்காது.

விதை, வயற்பொப்பி. ஐரோப்பாவின் கோதுமை வயல்களில் கேட்பாரில்லாமல் முளைக்கும் சிவப்புப் பூ. மகனைப் பார்க்க இங்கிலாந்து போனபோது, பஸ் யன்னலால் அதைக் கண்டு என் மனைவி மனோ கழுத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள். மறுநாள் ஒரு பைக்கற் விதையுடன் நின்றாள். எங்கள் ஊர் உரும்பிராயில் போடப் போகிறாளாம்.

நான் காரணங்களை வரிசைப்படுத்தினேன். "முதலாவது, எங்கடை வெயில். ரெண்டாவது, மண்..."

"மூண்டாவது நீங்களோ?" என்றாள்.

பைக்கற் நான்கு வருடம் அலுமாரியில் இருந்தது. போன வருடம் மனோ போய்விட்டாள். அலுமாரியை ஒழுங்குபடுத்தியபோது அது கைக்கு வந்தது. அந்த வருடத்துடன் காலாவதி என்று அச்சிட்டிருந்தார்கள்.

ஆகவே விதைத்தேன். ஒரு பூவாவது பூக்க வேண்டும். மனோவுடனான அந்த விவாதத்தில் நான் தோற்க வேண்டும். விஞ்ஞானம் படித்த ஒருவன் தன் கருதுகோள் பொய்க்க வேண்டும் என்று தினமும் தண்ணீர் தெளித்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

பார்த்தவர் ஒருவர் இருந்தார். வேலிக்கு அப்பால் குடியிருக்கும் பரமு. மிளகாய், கத்தரி, புகையிலை என்று ஐம்பது வருடமாக மண்ணோடு மல்லுக்கட்டுபவர். என் பாத்தியை ஒரு வைத்தியரின் முகத்தோடு பார்த்தார்.

"உது தின்னலாமோ, சேர்?"

"இல்லை."

"சந்தைக்குப் போகுமோ?"

"போகாது."

"சாமிக்கு வைக்கலாமோ?"

"பிடுங்கினால் உடனே வாடிப்போகும்."

"அப்ப உது என்னத்துக்கு?"

பதில் சொல்லும் முன் அவருடைய மனைவி ராசம்மா வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். "உது அபின் செடியாமே? பொலிஸ் வந்தால் எங்களுக்கு ஒண்டும் தெரியாது, சொல்லிப்போட்டன்!"

அபின் தருவது இதன் ஒன்றுவிட்ட சகோதரம் என்று விளக்கினேன். ராசம்மாவுக்குத் திருப்தியில்லை. உறவு முறை இருந்தாலே போதாதா?

கொழும்புக்குப் புறப்பட்ட அன்று பரமுவிடம் சொன்னேன்: "மூண்டு நாளைக்குப் பாத்தியை ஒருக்கால் பாத்துக்கொள்ளும். தண்ணி மட்டும் தெளிச்சால் காணும்."

இங்கேதான் பிழை விட்டேன். யாழ்ப்பாணத்து விவசாயி ஒருவரிடம் நாற்றைக் காட்டிவிட்டு, "தண்ணி மட்டும்" என்று சொல்லலாமா?

திரும்பி வந்தபோது பரமு என் படலையடியிலேயே நின்றார். முகத்தில் பெருமை. "வந்து பாருங்கோ, சேர்."

பார்த்தேன். புதிய பாத்தி. கயிறு கட்டி எடுத்த நேர்கோடு. சாணுக்கு ஒன்றாக இருபது பொப்பிக் கன்றுகள். அடியில் ஆட்டெரு. ஒவ்வொன்றுக்கும் நிழலாக, நீர்வேலியிலிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த தண்டிலிருந்து உரித்த வாழைத்தடல் துண்டு.

"நெருக்கமாக் கிடந்து மூச்சுத் திணறிச்சுதுகள். பின்னேரம் பாத்துப் பிடுங்கி நட்டனான். வளராத நறுங்கல் மூண்டு கிடந்தது, உது உருப்படாது எண்டு அதிலையே விட்டிட்டன்."

பொப்பிக்கு ஆணிவேர் நூலளவு. பிடுங்கினால் அறும். அறுந்தால் முடிந்தது. இது முதலாம் வருடப் பாடம்.

"வடிவாக் கிடக்கு," என்றேன். வேறு என்ன சொல்வது?

யோசித்துப் பார்த்தால், நாங்கள் எதைத்தான் முளைத்த இடத்தில் இருக்க விட்டோம்? மிளகாயைப் பிடுங்கி நடுகிறோம். கத்தரியைப் பிடுங்கி நடுகிறோம். பெற்ற பிள்ளைகளைக்கூடப் பிடுங்கி, கடல் கடந்து கொண்டுபோய் நடுகிறோம் — அதுகளும் பிழைத்து, படம் எடுத்து அனுப்புகின்றன. பிறகு பரமுவின் கைக்கு ஏன் நம்பிக்கை வராது?

ஐந்தாம் நாள் இருபதும் சரிந்தன.

பரமு குந்தியிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ராசம்மா வேலிக்கு மேலால் அறிவித்தார்: "ஊருக்கெல்லாம் நாத்து நட்டுக் குடுக்கிற கையாம்! இந்தப் புல்லுக்குத் தோத்துப்போச்சு."

"நீ பேசாமல் இரு," என்ற பரமு என்னிடம் திரும்பினார். "எங்கை வாங்கினது, சேர்? நான் இன்னொரு பைக்கற் எடுப்பிச்சுத் தாறன்."

"அது மனோ கொண்டு வந்தது."

தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். எழும்பிப் போய்விட்டார். பிறகு கிழமைக்கணக்காக எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

இனி நறுங்கல் மூன்றின் கதை. யாரும் தொடாததால் அவற்றின் வேர் அறவில்லை. ஒன்றை நத்தை தின்றது. ஒன்று காரணம் சொல்லாமல் செத்தது. மூன்றாவது, மயிர் மயிராக ஒரு தண்டை நீட்டி, நுனியில் ஒரு மொட்டைத் தலைகீழாகத் தொங்க விட்டது. நான் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

பங்குனி முதல் கிழமை, விடியற்காலை.

"சேர்! ஓடி வாங்கோ!"

பரமு வேலியில் ஏறாத குறையாக நின்றார். மொட்டு நிமிர்ந்து வெடித்திருந்தது. நான்கு இதழ். பெட்டியில் மடித்து வைத்த துணியை அப்போதுதான் உதறியது போலக் கசங்கல். ஆனால் அந்தச் சிவப்பு...

"பத்து நாளா இவர் சந்தைக்குப் போக முந்தி உங்கடை வேலியிலைதான் காவல்," என்றார் ராசம்மா. "நறுங்கல் உருப்படாதெண்டு சொன்னவர் ஆரெண்டு கேளுங்கோ."

"சேர்தானே உது முளைக்கவே முளைக்காதெண்டவர்," என்றார் பரமு. "மனோ அக்கா எங்களுக்குச் சொன்னவ."

வேலிக்கு இரண்டு பக்கமும் தோற்றவர்கள். நடுவில் ஒரு பூ.

மத்தியான வெயிலில் நான்கு இதழும் கொட்டின.

"அவ்வளவுதானோ?" என்றார் பரமு.

"அவ்வளவுதான்."

"அக்கா இருந்திருந்தால் உங்களை ஒரு மாதத்துக்கு நக்கலடிச்சுக்கொண்டே இருந்திருப்பா," என்றார் ராசம்மா.

"ஒரு மாதமோ?" என்றேன். "அவவுக்குக் காணாது."

இதழ் போன இடத்தில் இப்போது சிறிய விதைக்காய் ஒன்று நிற்கிறது. செய்யாமல் கிடக்கும் வேலைகள்:

காய் முற்றியதும் விதையை எடுத்துப் பாதியைப் பரமுவுக்குக் கொடுப்பது.

எந்தக் காரணம் கொண்டும் பிடுங்கி நடக்கூடாது என்று அவருக்கு எழுதிக் கொடுப்பது. ராசம்மாவுக்கு ஒரு பிரதி.

"நீர் சொன்னதுதான் சரி" என்று மனோவிடம் சொல்வது. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து தள்ளிப்போட்டு வந்த வேலை அது.