பி.எஸ்சி. கொம்பு

போன வாரம் தங்கை பேத்தியின் சடங்குக்காக அழகு நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். இந்த வயதில் உனக்கு எதற்கு இதெல்லாம் என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது, சிரியுங்கள். பக்கத்து நாற்காலிப் பெண்ணின் சுருட்டை முடியைச் சூட்டுக்கருவியால் நீட்டினார்கள். லேசாகக் கருகியது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நானும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பின்னே, என் கல்யாணமே அந்த வாசனையில்தானே நிச்சயமானது!

முடி, நகம், மாட்டுக் கொம்பு மூன்றும் ஒரே சரக்கு. சுட்டால் ஒரே நாற்றம். நம்பலாம், எழுபதுகளின் கடைசியில் விலங்கியல் படித்தவள் நான்.

கார்த்திகை தீபக் கூட்டத்தில் எதேச்சையாகச் சந்திப்பதுபோல் பெண் பார்ப்பது எங்கள் பக்கத்தில் உண்டு. பிடிக்காவிட்டால் யாருக்கும் மானக்கேடில்லை. திருவண்ணாமலை கோயிலில் நெரிசல் ஜாஸ்தி, மாப்பிள்ளையின் அப்பாவும் மாடு வாங்க வருகிறார் என்று, பெரியவர்கள் தீபத்து மாட்டுச் சந்தையையே குறித்துவிட்டார்கள். பட்டுப்புடவையும் மல்லிகையுமாகச் சாணிக்கு நடுவில் போய் நின்றேன். சுற்றிலும் மாடுகளுக்குப் பல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நீ வாயத் தொறக்காத, அது போதும்” என்று அப்பா கெஞ்சியிருந்தார். மாப்பிள்ளை வேங்கிக்கால்காரர், ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. நெற்றியில் எண்ணெய் வழிய நின்றார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பார்த்ததுமே பிடித்துவிட்டது. காரியம் கெட்டுவிடக் கூடாதே என்று நானும் வாயை இறுக மூடியிருந்தேன்.

“இன்னா படிச்சிருக்கிற?” என்றார் அவருடைய அம்மா.

“விலங்கியலுங்க.”

“அப்போ சொல்லு. பொறக்கும்போது இல்லாத கொம்பு கன்னுக்கு அப்புறமா எப்படி வருது? எதுக்கு வருது?”

விளையாட்டாகத்தான் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. பிறந்த கன்றுக்குக் கொம்பு வெறும் மொட்டுதான், தோலோடு நகரும். இரண்டு மாதம் போனால் மண்டையோட்டில் பிடித்துக்கொள்ளும். பிறகு உள்ளே எலும்பும் மேலே நகச்சரக்குமாக நீளும். எதிரியை முட்டவும், மந்தையில் யார் பெரிய ஆள் என்று காட்டவும் உதவும் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அதோடு நிறுத்தினேனா? சினையாக இருக்கும்போது சத்தெல்லாம் கன்றுக்குப் போவதால் ஈத்துக்கு ஒரு வளையம் கொம்பில் விழும் என்று சொல்லி, “இதோ, இதுலயே பாருங்க” என்று பக்கத்தில் நின்ற பசுவின் கொம்பைப் பிடித்தேன்.

அது மாப்பிள்ளையின் அப்பா அப்போதுதான் விலை பேசி முடித்துக் கயிற்றைக் கையில் வாங்கிய பசு. “ரெண்டாம் ஈத்து” என்று அதற்குள் எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தார். கொம்போ வழவழவென்று இருந்தது, ஒரு வளையமும் கண்ணில் படவில்லை. இரண்டு ஈன்ற பசுவுக்கு அதெப்படி? விரலை அழுத்தித் தடவினேன். எண்ணெய்க்கு அடியில் மேடு மேடாக ஐந்து தட்டியது. குனிந்து மோந்தேன். கருகிய முடி வாசனை!

“சூடு போட்டுத் தேச்சிருக்காங்க. அஞ்சு ஈத்துக்குக் கம்மி இருக்காதுங்க.”

“பொம்பளப் புள்ளைக்கு மாட்டப் பத்தி இன்னா தெரியும்?” என்று விற்றவர் குதித்தார். மாப்பிள்ளையின் அம்மா பசுவின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். பல்லெல்லாம் தேய்ந்து கிடந்தது. கொம்பின் பளபளப்பில் மயங்கிய அவருடைய வீட்டுக்காரர் வாயைப் பார்க்கவே இல்லை. மாப்பிள்ளை, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. அவர் அப்பா கயிற்றைப் போட்டுவிட்டு விடுவிடுவென்று நடந்துவிட்டார்.

“முடிஞ்சிது” என்றார் என் அப்பா. ஒரு வாரம் அழுதேன்.

ஒன்பதாம் நாள் அந்தப் பெரியவரே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். “அடுத்த தீபத்துக்கு நான் மாடு வாங்கணும். பொண்ணக் குடுத்துடுங்க.”

எண்பதுகள் முழுக்க மாமா முன்னே, நான் நடுவே, இவர் சிரித்தபடி பின்னே என்று சந்தைக்குப் போனோம். “எங்க மருமவ, பி.எஸ்சி. கொம்பு” என்றுதான் மாமா என்னை அறிமுகப்படுத்துவார். கொம்பு தேய்த்தவர்கள் எங்களைக் கண்டதும் மாட்டைத் திருப்பிக் கட்டுவார்கள். எனக்குத் தலைகால் புரியாது!

போன தீபத்துக்கும் போயிருந்தேன். பாதிக்கு மேல் கலப்பினப் பசுக்கள். மொட்டிலேயே கொம்பைச் சுட்டுவிடுகிறார்கள். காதில் மஞ்சள் வில்லை, அதில் எண். கைபேசியில் தட்டினால் வயது வந்துவிடுகிறதாம். நல்லதுதான், ஏமாறும் மாமாக்கள் இனி இல்லை. ஒரு பசுவின் மொட்டை நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றேன்.

“யாரு கூடம்மா வந்தீங்க?” என்று கேட்டாள் அதை விற்க வந்தவள்.

“முன்னயெல்லாம் மூணு பேரா வருவோம், இப்ப நான் மட்டுந்தாம்மா” என்று சொல்லிவிட்டு, குனிந்து அந்த நெற்றியை மோந்தேன்.