முன் அனுமதிக்குக் காத்திருந்த முதுகு

ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டு விதிகளின்படி, முன் அனுமதி கோரும் மனுவுக்குத் தாமதமின்றிப் பதில் தர வேண்டும். 'தாமதமின்றி' என்ற சொல் எவ்வளவு நீளும் என்பது எனக்குத் தெரியும். திருவள்ளூரில் அரசு அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்த காலமெல்லாம் நானே அதை எத்தனையோ வரைவுகளில் எழுதியிருக்கிறேன்.

ஐப்பசியில் ஒரு காலை, வாசலில் கிடந்த செய்தித்தாளை எடுக்கக் குனிந்தவனால் நிமிர முடியவில்லை. மனைவிதான் கைத்தாங்கலாகக் கட்டிலுக்குக் கொண்டுவந்தாள்.

என் சகலைக்கும் ஆடியில் இதே வலி வந்திருந்தது. மனைவியின் தங்கை கணவர். ஆரம்பாக்கத்தில் வீடு, கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலை வேலை. அவருக்கு மோட்டாரைத் தூக்கியதில் வந்த வலி. கேட்பவர்கள் 'அடடா' என்பார்கள். எனக்குச் செய்தித்தாளைத் தூக்கியதில் வந்தது. அதுவும் இணைப்பிதழ் இல்லாத நாள்.

மருத்துவர் சோதித்துவிட்டு, கால் மரத்துப்போகவில்லை, பலமும் குறையவில்லை, பயப்பட ஒன்றுமில்லை என்றார். பிசியோதெரபிக்குப் போய்க்கொண்டு நடமாட வேண்டும். குறையாவிட்டால் மட்டும் ஸ்கேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மனுவாக அனுப்பினேன். அனுமதி வருமுன் சிகிச்சையைத் தொடங்கிவிட்டால் பிறகு, செய்துவிட்டதற்குப் பின்னேற்பு கேட்டு நிற்க வேண்டும். அப்படிக் கேட்டு வந்த கோப்புகளை நான் என்ன பாடு படுத்தினேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆகவே படுத்துக் காத்திருந்தேன். வலி இறுகியது.

சகலை பார்க்க வந்தார். தரையில் சம்மணமிட்டு நாஷ்டாவை முடித்து, கையை ஊன்றாமல் எழுந்தார். எனக்காகவே அப்படி எழுந்தார் என்று இன்றும் நம்புகிறேன்.

"இன்னா சகலை, இன்னும் படுத்துக்கினே கீறீங்க? ஈ.எஸ்.ஐ.ல எனுக்கு எக்சர்சைஸ் சொல்லிக் குடுத்தாங்க, பாருங்க."

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் பாலம் போல் தூக்கினார். என் மனைவி கைதட்டாததுதான் குறை.

"அனுமதி வரட்டும்," என்றேன்.

"முதுவு வலிக்குக் கூடவா பர்மிசன்? பேஜாரு புடிச்ச டிபார்ட்மென்ட்டு சகலை உங்களுது!"

மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அவருடைய பதவியையோ வீட்டையோ பார்த்து நான் பொறாமைப்பட்டதில்லை. இப்போது அந்த மனிதரின் இடுப்பைப் பார்த்து வயிறெரிந்தேன்.

கார்த்திகையில் பேத்திக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைப்பது வழக்கம். தாய்மாமனான என் மகனுக்கு வெளிநாட்டில் விடுப்பு கிடைக்கவில்லை. அடுத்த உரிமை தாத்தாவான எனக்கு. மகள் தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அப்பா, உன்னால முடியலன்னா பரவால்லப்பா. சித்தப்பா மடியில ஒக்கார வெச்சிக்கலாம்."

அவள் சித்தப்பா என்றது சகலையைத்தான்.

அன்றே ஆட்டோ பிடித்து, ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள பிசியோதெரபிப் பெண்மணியிடம் போனேன். வாழ்க்கையில் அனுமதியில்லாமல் நான் தொடங்கிய முதல் காரியம்.

"இத்தினி நாளா படுத்தே இருந்தீங்களா சார்? அதான் இப்டி புடிச்சிக்கிச்சி. மொதல்ல நடங்க," என்றார். பிறகு ஒரு பயிற்சி கற்றுக்கொடுத்தார். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்குவது. சகலை செய்ததேதான். அவர் சொன்னபோது அது எனக்கு வித்தையாகத் தெரிந்தது. இந்த அம்மாள் சொன்னபோது சிகிச்சையாகிவிட்டது. சகலையைவிட உயரமாகத் தூக்க வேண்டும் என்ற வைராக்கியத்தில் தினமும் செய்தேன். தெருமுனை வரை நடந்தவன் மெல்லக் கடைத்தெரு வரை போனேன்.

காதுகுத்தன்று கோயில் மண்டபத்தில் எனக்கு ஒரு முக்காலி போட்டார்கள். சகலை பக்கத்தில் தரையில் சம்மணமிட்டிருந்தார். பேத்தி என் மடியில் உட்கார்ந்தாள். முதுகு தாங்கியது. ஆசாரி வலது காதைக் குத்தினார். வீல் என்று அலறியவள், அத்தனைக்கும் நானே காரணம் என்பது போல என்னைப் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் சகலையிடம் நீட்டினாள்.

"வா கண்ணு, சின்ன தாத்தாகிட்ட வா," என்று அவர் வாங்கிக்கொண்டார். இடது காதை அவர் மடியில்தான் குத்தினார்கள். மனைவி வாட்ஸ்அப்பில் வைத்திருப்பதும் இடது காதுப் படம்தான்.

நான் பயிற்சியை விடவில்லை. தரையில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழும் அளவுக்கு வந்துவிட்டேன். பார்க்கத்தான் பேத்தி ஊரில் இல்லை. தேவையில்லாமல் போன ஸ்கேனுக்கு அனுமதி தந்து, பிசியோதெரபி ஏன் அவசியம் என்று விளக்கம் கேட்டு, காப்பீட்டு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது போகியன்று.