காரணம் தெரியாத என்டர்கள்

அலுவலகத்தில் அவளுக்கு என்டர் அக்கா என்று பெயர். வேதநூலை மொழிபெயர்ப்பவர்கள் தட்டி அனுப்பும் கோப்புகளை அச்சகம் கேட்கிற வடிவத்துக்கு மாற்றுவது பதினொரு வருடமாக அவள் வேலை. பத்தி தொடங்கினால் ஒரு குறி, கவிதை வரி தொடங்கினால் வேறொரு குறி என்று போட்டு அனுப்புவார்கள். குறிகளை நம்பலாம். குறி இல்லாமல் சும்மா தட்டுகிற என்டரைத்தான் நம்பக்கூடாது. வருகிற கோப்பில் அதற்கு வெறும் இடைவெளி என்றுதான் பொருள். அச்சகத்து வடிவத்துக்குப் போனதும் அதுவே புது வரியாகி உட்கார்ந்துகொள்ளும்.

சேர்ந்த புதிதில் இப்படிப்பட்ட என்டர்களையெல்லாம் ஒரேயடியாக அழித்தாள். அழித்த இடத்தில் இடைவெளி விட மறந்துபோனாள். ஒரு புத்தகம் முழுக்கச் சொற்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. அன்று வாங்கிய பெயர் இன்னும் போகவில்லை. வீட்டிலும் இந்தப் பைத்தியம் உண்டு. கடைச் சாமான் பட்டியலைக் கணவர் ஒரே வரியில் எழுதினால் பிரித்து எழுதச் சொல்லித் திருப்பிக் கொடுப்பாள். தையல்காரரான அவர், “வரி எங்க ஒடைஞ்சா என்ன, சாமான் வந்தா சரிதானே?” என்பார். அன்று முழுக்க அவரோடு பேச மாட்டாள்.

இவ்வளவு தேர்ந்தவளுக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை தலை சுற்றியது. நான்கு மணிக்குக் கோப்பு அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒருமுறை அச்சேறிவிட்டால் இருபது வருடத்துக்கு அதுதான் வேதம். கடைசியாக வந்த புலம்பலின் மூன்றாவது அதிகாரத்தில் குறியே இல்லாமல் என்டர்கள் கிடந்தன. எண்ணிப் பார்த்தாள், நாற்பத்தொன்று.

கவிதையோ என்று பார்த்தாள். கவிதை என்றால் அடிகள் ஓரளவு சமமாக இருக்க வேண்டும். இங்கே ஒரு வரியில் இரண்டு சொல், அடுத்த வரி அரைப் பக்கம். திரையின் ஓரம் வந்ததும் மொழிபெயர்ப்பாளர் தட்டியிருப்பாரோ? அதுவும் இல்லை. ஒரு வரி ‘என்’ என்ற சொல்லோடு நின்றது. யாராவது இப்படியா நிறுத்துவார்கள்! ஆனால் உரக்கப் படித்தால் நெஞ்சை ஏதோ செய்தது. அப்படியானால் கவிதைதானோ? மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். “அக்கா, எடுக்கறதா இருந்தா எடுங்க, வைக்கறதா இருந்தா வைங்க. மணி மூணரை.”

“எதுன்னு தெரிஞ்சா செய்ய மாட்டேனா?” என்று எரிந்து விழுந்தாள். பிறகு வேறு வழியில்லாமல் மொழிபெயர்ப்பாளருக்குப் போன் போட்டாள்.

“ஐயா, மூணாவது அதிகாரத்துல அங்கங்க வரி ஒடையுதே, அது கவிதையா?”

“இல்லையேம்மா. நான் அதை உரைநடையாத்தான் மொழிபெயர்த்தேன்.”

“அப்ப ஏன் என்டர் தட்டியிருக்கீங்க?”

“டைப்ரைட்டர்ல கத்துக்கிட்ட கை. மெஷினை விட்டு எந்திரிக்கறதுக்கு முன்னாடி வரியை முடிச்சு வச்சுட்டுத்தான் எந்திரிப்பேன். பாதியில விடக்கூடாதுன்னு எங்க மாஸ்டர் அடிப்பாரு.”

“ஒரே அதிகாரத்துல இத்தனை தடவையா எந்திரிச்சீங்க?”

“என் மூத்த மக தவறிப்போன மாசம்மா அது. உக்காந்தா அழுகை வந்துடும், எந்திரிச்சுடுவேன்.”

அந்தச் சாவுக்கு அவளும் போயிருந்தாள். கோப்பின் தேதியைக் காலையிலிருந்து பத்துத் தடவையாவது பார்த்திருப்பாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. பதினொரு வருடத்தில் அவளுக்குத் தெரிந்த என்டர் இரண்டே வகை: வேண்டுமென்று தட்டியது, சும்மா தட்டியது. இந்த மூன்றாவது வகையை என்ன செய்வதென்று எந்த விதியிலும் இல்லை.

“ஐயா, அப்படியே விட்டுடட்டுமா? படிக்க நல்லாத்தான் இருக்கு.”

“வேண்டாம்மா. அது என்னோடது, வேதத்தோடது இல்ல. எடுத்துடு.”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே எடுத்தாள். மொத்தமாக அழிக்க ஒரு கட்டளை போதும். ஏனோ மனம் வரவில்லை. ஒவ்வொன்றாக அழித்து, அந்தந்த இடத்தில் ஓர் இடைவெளி விட்டாள். மறுமுனையில் அவர் காத்திருந்தார். அதிகாரம் இறுகி ஒரே பத்தியாகி நின்றது. நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. செய்தது சரியா, தப்பா என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

“முடிஞ்சுது ஐயா.”

“எத்தனைம்மா இருந்துச்சு?”

“நாப்பத்தொண்ணு.”

“அவ்வளவுதானா?” என்றார் அவர்.