இத்தா வீட்டில் கேட்ட கேள்வி

எங்கள் வீட்டுக்கு ஒரு வேலி தள்ளி, கணவன் மௌத்தாகி, இத்தா இருந்தாள் ஒரு பெண். அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல், வெள்ளை உடுத்து, கணவனை இழந்தவள் சில மாதங்கள் வீட்டோடு இருக்கும் காலம் அது. மனநல ஆலோசனை சொல்ல எங்கள் கரைத்தீவுக்கு வந்துபோகும் மிஸ், சிலாபத்துக் கத்தோலிக்கப் பிள்ளை. வீடு காட்ட நான் கூடப் போனேன்.

இறந்தவரின் தங்கைதான் எங்களை இருத்தினாள். மிஸ் தன் கேள்விகளைக் கேட்டார். வெளியே போகிறாவா? ஆட்களோடு பழகுகிறாவா? நல்லதாக உடுக்க ஆசை இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றே பதில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நோன்பு பிடிச்சவனிட்ட ஏன் சாப்பிடல்ல எண்டு கேக்கிற மாதிரி இருக்கு, மிஸ்" என்றாள் தங்கை.

மிஸ்ஸும் சிரித்தார். "அப்ப என்ட கேள்வியள வச்சுப் பாத்தா உங்கட ஊர் விதவையள் எல்லாரும் நோயாளியள்தான். நீங்களே சொல்லுங்க அக்கா, ஒழுங்கான இத்தா எப்பிடி இருக்கும்?"

தங்கைக்குக் கதை பிடித்துக்கொண்டது. "எங்கட உம்மா இருந்தது பாக்கோணும். ஊர்ப் பொம்புளையள் எல்லாம் எங்கட அறைக்குள்ளதான். ஆருக்கு எங்க கலியாணம் பேசுறாங்க எண்டு முதல்ல உம்மாக்குத்தான் தெரியும். படி இறங்காமலே ஊரை நடத்தினா."

பிளேன்டீக் கோப்பை அவள் கையில் அப்படியே நின்றது. உள் அறைத் திரையைப் பார்த்தாள்.

"இவ, ஆரு வந்தாலும் செவரப் பாத்துப் படுத்திருவா. இத்தாதானே எண்டு விட்டுட்டம்."

மிஸ் உள்ளே போய்ப் பாயில் அமர்ந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்றதற்கு வந்தது, "அல்ஹம்துலில்லாஹ்." இறைவன் புகழால் நலம் என்ற வழக்கமான பதில்.

தங்கை வாசலில் நின்றபடி, "அதை எல்லாருக்கும் சொல்றதுதானே மதினி. மிஸ்ஸுக்கு நெசத்தச் சொல்லுங்க" என்றாள்.

அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. "சோத்துல உப்பு வெளங்குதில்ல. விடியிறதே புடிக்குதில்ல."

எத்தனையோ பேர் சொன்னதை மனதில் சேர்த்து வைத்திருக்கிறேன். இதை மட்டும் அவள் சொன்ன குரலில் சொல்லிக்காட்ட நா எழுவதில்லை.

வெளியே வந்த மிஸ், டொக்டரிடம் காட்டவேண்டும் என்றார். தங்கை என் முகத்தைப் பார்த்தாள். இத்தாவுக்குள் வெளியே போகலாமா என்பதுதான் அந்தப் பார்வை. பிறகு அவளே சொன்னாள்:

"பெரியும்மா இத்தாவுக்குள்ள பல்லுக் கழட்டப் போனாவே. பல்லுக்குப் போகலாம் எண்டா இதுக்கும் போகலாம்."

சொல்லிவிட்டு, மதினியை ஏற்றிப்போகும் திரீவீலுக்குத் திரை கட்டச் சீலை தேடி அலுமாரியைத் திறந்தாள்.