இலையின் இடது பாதி

பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தால் சோறு இறங்காது என்பார்கள். அவ்வளவு கேலி பேசுவேன்.

போன பொங்கலுக்கு மறுநாள் அரியலூரிலிருந்து தங்கையும் மாப்பிள்ளையும் பெரம்பலூரில் என் வீட்டு விருந்துக்கு வந்திருந்தார்கள். மாப்பிள்ளை இலையின் வலது பக்கத்தைத் துடைத்த மாதிரி தின்றுவிட்டு, இடது பக்கம் இருந்த கறிவறுவலைத் தொடாமலே, "வறுவல் வைக்கலையா?" என்றார். இடது கன்னத்தில் மட்டும் தாடியும் மழிக்காமல் இருந்தது.

"காலைலேர்ந்து என்னமோ மாதிரி இருக்காருண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்றாள் தங்கை.

"ஆஸ்பத்திரி எதுக்கு? இன்னொரு கரண்டி வறுவல் வாங்க மாப்ள போடுற நாடகம் இது," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

சாயங்காலம் அவருடைய இடது கை துவண்டு தொங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மூளையின் வலது பாதியில், உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால், ரத்தக்குழாய் அடைபட்டிருந்தது. இடப்பக்கத்து உலகத்தைக் கவனிப்பது அந்த இடத்தின் வேலையாம்.

"கண்ணு நல்லாத்தாங்க இருக்கு. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவர் மூளைக்குத் தோணாது," என்றார் டாக்டர். "காலையிலயே கூட்டிட்டு வந்திருந்தா நெறையக் காப்பாத்தியிருக்கலாம்."

மறுநாள் கட்டிலுக்கு இடது பக்கம் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். அவர் வலது பக்கம் திரும்பித் தேடினார்.

"மச்சான் குரல் கேக்குது, ஆளக் காணோமே," என்றார் தங்கையிடம்.

எழுந்து வலது பக்கம் போய் நின்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"இப்பத்தான் வர்றீங்களா மச்சான்?"

"ஆமா மாப்ள, லேட்டாயிடுச்சு," என்றேன்.

அவரிடம் நான் கேலி கலக்காமல் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.